பழைய கார் எஞ்சினில் படியும் துரு: எதைத் தேய்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்

ஆயுத பூசையன்று காரின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் வீடுகளில் பழகிப்போன காட்சி. அந்தப் பழத்தின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலமே பழைய காரின் எஞ்சின் பாகங்களில் படிந்த துருவையும் கரைக்கிறது. அளவும் நேரமும் தெரிந்து பயன்படுத்தினால் இரும்பு பிழைக்கும். தெரியாமல் பயன்படுத்தினால் துருவோடு பாகமும் போய்விடும்.

சிங்கப்பூரில் பழைய கார் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருப்பதே பெரும்பாடு. 1990ஆம் ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்புக்கு வந்தபின், பல கார்கள் பத்தாண்டை ஒட்டியே சாலையிலிருந்து விடைபெற்றுவிடுகின்றன. பதிவாகி குறைந்தது 35 ஆண்டுகள் ஆன கார்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டம் இடம் தருகிறது. ஆனால், அந்தத் திட்டத்தில் உள்ள காரை ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓட்டலாம். எஞ்சிய 320 நாளும் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். ஓடும் எஞ்சினைவிட நிற்கும் எஞ்சினைத்தான் துரு முதலில் பிடிக்கும்.

செங்காங் போன்ற அடுக்குமாடிப் பேட்டையில் வசிப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வீட்டுக்குச் சொந்தமாக வாகனக் கொட்டகை கிடையாது. எஞ்சினைப் பிரிப்பது பட்டறையில் நடக்கும். சிறு பாகங்களைச் சுத்தம் செய்யும் பொறுமையான வேலையே வீட்டுக்கு வரும். அந்த வேலையை எப்படிச் செய்வது, எந்தப் பாகத்தில் எந்த முறையைத் தொடக்கூடாது, கழிவை எங்கே சேர்ப்பது என்பதே இக்கட்டுரை.

துரு எப்படி உருவாகிறது

இரும்பு, காற்றில் உள்ள ஆக்சிஜன், தண்ணீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு இருந்தால் வேகம் கூடும். அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு, மெல்லிய போர்வைபோல் ஒட்டிக்கொண்டு அடியில் உள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவுக்கு அந்தக் குணம் இல்லை. அது நொறுங்கக்கூடியது, நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தை உறிஞ்சி வைப்பது. அதனால் ஒரு முறை தொடங்கிய துரு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தான் தின்ற இரும்பைவிடத் துருவுக்குக் கன அளவும் அதிகம். சிலிண்டருக்குள் பிஸ்டன் வளையம் இறுகிப்போவதற்கும், போல்ட்டுகள் திருகு மறைக்குள் பிடித்துக்கொள்வதற்கும் அதுவே காரணம்.

காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது துருப்பிடிக்கும் வேகம் நன்றாகக் கூடுகிறது. சிங்கப்பூரில் விடியலுக்குச் சற்று முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் அது 60 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது. அதாவது, பாதுகாப்பில்லாத இரும்புக்கு இங்கே ஏறக்குறைய ஓய்வே இல்லை.

நிற்கும் காரை “வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் போதும்” என்று நம்புவோர் உண்டு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் அணைத்துவிட்டால், அந்த ஆவி புகைபோக்கியிலும் எஞ்சின் எண்ணெயிலும் நீராகத் தங்கிவிடும். ஓட்டினால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். இல்லையேல் அணைத்தே வைத்திருப்பது நல்லது.

மேல்துருவா, குழித்துருவா

கையில் எடுத்த பாகத்தில் இருப்பது எந்த வகைத் துரு என்று பார்ப்பதே முதல் வேலை. செம்மண் தூவியதுபோல் மேலாகப் படிந்து, எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தாலே ஓரளவு வந்துவிடுவது மேல்துரு. அதை நீக்கினால் அடியில் இரும்பு வழவழப்பாக இருக்கும். நகத்தால் வருடும்போது சிறு பள்ளங்கள் தட்டுப்பட்டால் அது குழித்துரு. அங்கே இரும்பு ஏற்கெனவே கரைந்துவிட்டது. எந்தக் கரைசலும் அந்தப் பள்ளத்தை நிரப்பித் தராது. துருவை மட்டுமே எடுக்கும்.

இந்த வேறுபாடு முக்கியம். வெளிப்புற மூடிக்குக் குழி இருந்தால் பார்வைக்கு மட்டுமே குறை. கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங் பரப்பில் அதே குழி இருந்தால் எண்ணெய்ப் படலம் அங்கே அறுந்து, பேரிங் தேய்ந்து, எஞ்சின் நின்றுவிடும்.

எஞ்சின் எண்ணைக் காப்பாற்றுங்கள்

பல பழைய எஞ்சின்களில் அடையாள எண் சிலிண்டர் பிளாக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் சிறு தகடாக ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். வாகனப் பதிவில் உள்ள எஞ்சின் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். துருவோடு சேர்த்து அந்த எண்ணையும் அரவைச் சக்கரத்தால் தேய்த்துவிட்டால், பின்னர் சோதனையின்போது விளக்கம் சொல்வது கடினம்.

வேலை தொடங்குமுன் எண்ணைப் பல கோணங்களில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். எண் இருக்கும் இடத்தை ஒட்டுநாடாவால் மூடிவிட வேண்டும். அந்த இடத்தில் மென்மையான பித்தளைப் பிரஷ்ஷும் எண்ணெயும் மட்டும் போதும். தகட்டில் உள்ள எண்ணென்றால் தகட்டைக் கழற்றாமல், அதன்மேல் அமிலம் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த உலோகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா எஞ்சினும் முழு இரும்பன்று. மோரிஸ் மைனரின் பிற்காலக் கார்களிலும் பழைய மினியிலும் உள்ள ஆஸ்டின் ஏ வரிசை எஞ்சின் 1951ல் அறிமுகமானது. அதன் பிளாக்கும் சிலிண்டர் ஹெட்டும் வார்ப்பிரும்பு. டட்சன் 120ஒய் காரின் எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். வோக்ஸ்வேகன் பீட்டிலில் கிராங்க் கேஸ் மக்னீசியக் கலவை, சிலிண்டர்கள் வார்ப்பிரும்பு, ஹெட்டுகள் அலுமினியம்.

காந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. காந்தம் ஒட்டாத பாகத்தை அமிலத்திலோ சோடாக் கரைசலிலோ போடக்கூடாது. மக்னீசியம் அமிலத்தில் பொங்கிக் கரையும். அலுமினியத்தைச் சோடாக் கரைசல் அரிக்கும். இரும்புப் பாகத்துக்குள் அலுமினியம், வெள்ளீயக் கலவை அல்லது பித்தளைப் புஷ் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் போன்றவை துத்தநாகக் கலவையாக இருப்பதுண்டு. அவற்றுக்கு இந்த முறைகள் எதுவும் ஆகாது.

முதலில் பிசுக்கு, பிறகே துரு

எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அமிலம் வேலை செய்யாது. தாமரை இலையில் தண்ணீர் ஓடுவதுபோல் வழிந்துவிடும். முதலில் சுரண்டக்கூடிய பிசுக்கைப் பிளாஸ்டிக் அல்லது மரச் சட்டத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். அடுத்து மண்ணெண்ணெய் அல்லது நீரில் கரையும் பிசுக்கு நீக்கியால் பிரஷ் போட்டுத் துடைக்க வேண்டும். கடைசியாகச் சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும். தண்ணீர் பரப்பில் முத்து முத்தாகத் திரளாமல் சீராகப் பரவினால் பிசுக்கு போய்விட்டது என்று பொருள்.

பிசுக்கெடுக்கப் பெட்ரோலைப் பயன்படுத்தும் பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, அடுத்த அறையின் அடுப்புப் பொறியில்கூடப் பற்றிக்கொள்ளும். அடுக்குமாடி வீட்டில் அது ஒரு வீட்டோடு நிற்காது.

கையால் தேய்த்தல்

லேசான மேல்துருவுக்கு எண்ணெயும் மெல்லிய எஃகுக் கம்பளியும் போதும். நான்கு சுழி அளவு எனப்படும் மிக மென்மையான ரகம் சிறந்தது. வெளிப்புற வார்ப்பிரும்புக்குக் கம்பி பிரஷ் பயன்படுத்தலாம். இயந்திரத்தால் வழவழப்பாக்கிய பரப்புகளில் கம்பி பிரஷ்ஷும் முரட்டு உப்புத்தாளும் கூடவே கூடாது. கேஸ்கெட் உட்காரும் பரப்பில் விழும் ஒரு கீறல், எண்ணெய்க் கசிவாகவோ தண்ணீர்க் கசிவாகவோ திரும்பி வரும்.

துளைப்பொறியில் மாட்டும் தேய்ப்புத் தட்டுகளிலும் கவனம் தேவை. அவற்றிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடுத் துகள்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனால் பேரிங்கைவிடக் கடினமானவை. எண்ணெய்த் துவாரத்துக்குள் அவை புகுந்துவிட்டால், புதுப்பித்த எஞ்சின் சில நூறு கிலோமீட்டரிலேயே பழுதாகலாம். மணல் அல்லது கண்ணாடி மணி பீய்ச்சும் முறையும் அப்படித்தான். வெளி மூடிகளுக்கு அது சரி. எண்ணெய் ஓடும் உட்பாதை உள்ள எந்தப் பாகத்துக்கும் அது வேண்டாம். மேலும், சிலிக்கா மணல் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

வினிகரும் சிட்ரிக் அமிலமும்

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் அறிவுதான் இங்கும் வேலை செய்கிறது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். கடை வினிகரில் ஏறக்குறைய 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். எஞ்சின் பாகங்களுக்குத் தூளாக விற்கும் சிட்ரிக் அமிலமே வசதி. விலை குறைவு, நெடி இல்லை, அளவைத் துல்லியமாக வைக்கலாம்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் தூள் போதும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பாகம் முழுவதும் மூழ்கும்படி வைக்க வேண்டும். பாதி மூழ்கிய பாகத்தில் நீர்மட்டம் உள்ள இடத்தில் கோடு விழுந்து அரித்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். லேசான துரு ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். கெட்டியானது இன்னும் சில மணி நேரம் எடுக்கும். வினிகரில் இதே வேலைக்கு ஒரு பகலோ ஓர் இரவோ ஆகும்.

இரவு போட்டுவிட்டு மறந்து, இரண்டு நாள் கழித்து எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. துரு தீர்ந்தபின் அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். பாகம் கருஞ்சாம்பல் நிறமாகி, பரப்பு சொரசொரப்பாகிவிடும்.

எடுத்தவுடன் தண்ணீரில் அலசி, ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த நீரில் சில நிமிடம் முக்க வேண்டும். மிச்சமுள்ள அமிலம் முறிந்துவிடும். மறுபடி சூடான தண்ணீரில் அலசி உடனே உலர்த்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. வால்வ் ஸ்பிரிங், கனெக்டிங் ராட் போல்ட் போன்ற உயர் வலிமை எஃகுப் பாகங்களை அமிலத்தில் போடக்கூடாது. அமிலம் இரும்போடு வினைபுரியும்போது பிறக்கும் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதை உடையக்கூடியதாக்கிவிடும். வெளியே ஒரு குறையும் தெரியாது. வேகமாக ஓடும் எஞ்சினுக்குள்தான் அது முறியும்.

துருவை மட்டும் பிடிக்கும் கரைசல்கள்

அமிலத்தன்மை இல்லாத துரு நீக்கிகளும் கடையில் கிடைக்கின்றன. இரும்பு ஆக்சைடில் உள்ள இரும்பை மட்டும் பற்றிப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும் வேதிப்பொருள்கள் அவற்றில் உள்ளன. நல்ல இரும்பை அவை ஏறக்குறையத் தொடுவதில்லை, நெடியும் கிடையாது. வீட்டில் வேலை செய்வோருக்கு இவையே மிகவும் பாதுகாப்பானவை. விலை கூடுதல் என்பது ஒன்றே குறை. குளிர்நாடுகளில் இக்கரைசலைச் சூடேற்ற வேண்டியிருக்கும். நம் ஊர் வெப்பத்தில் அதற்குத் தேவையில்லை. ஒரே கரைசலைப் பல முறை பயன்படுத்தலாம். முற்றிலும் கறுத்து வேகம் குறைந்ததும் அதன் ஆயுள் முடிந்தது.

மின்பகுப்பு

துளையும் மடிப்பும் நிறைந்த வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா கலக்கப்படும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனை துருப்பிடித்த பாகத்திலும், நேர்முனை வேண்டாத சாதாரண இரும்புத் துண்டிலும் இணைக்கப்படும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. முனைகளை மாற்றி இணைத்தால் நல்ல பாகம் கரைந்துவிடும்.

நேர்முனையில் எவர்சில்வர் துண்டைப் போடவே கூடாது. அதிலுள்ள குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் சேர்மமாக மாறித் தண்ணீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வாயு வரும். முறையாகச் செய்தாலும் ஹைட்ரஜன் வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். அது ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. எனவே, மூடிய சமையலறைக்கோ குளியலறைக்கோ இந்த வேலை உகந்ததன்று. காற்றோட்டமான பட்டறையில்தான் செய்ய வேண்டும்.

துரு மாற்றிகள்

பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கொண்ட துரு மாற்றிகள் துருவை எடுப்பதில்லை. கறுப்பு அல்லது சாம்பல் நிறப் படலமாக மாற்றுகின்றன. அதன்மேல் சாயம் பூசலாம். எண்ணெய்த் தொட்டியின் வெளிப்பக்கம், எஞ்சின் தாங்கிகள், உலோக மூடிகள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். எஞ்சினுக்குள் எண்ணெய் படும் எந்தப் பரப்பிலும் பூசக்கூடாது. படலம் பெயர்ந்து எண்ணெயில் கலந்தால் எண்ணெய்ப் பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும்.

கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிலர் பயன்படுத்துகின்றனர். துரு நொடியில் போகும். ஆனால், அதன் புகை பக்கத்தில் உள்ள எல்லாக் கருவிகளிலும் மறுநாளே துருவேற்றிவிடும். பிளீச்சோடு கலந்துவிட்டால் நச்சு வாயு. வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம்.

பாகம் பாகமாக

சிலிண்டர் சுவர்: லேசான துருவை எண்ணெயும் மெல்லிய எஃகுக் கம்பளியும் கொண்டு வட்டமாகத் துடைக்கலாம். அதன்பின் ஹோனிங் செய்ய வேண்டும். நகத்தில் தட்டும் குழி இருந்தால் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதே வழி.

கிராங்க் ஷாஃப்ட்: பேரிங் பரப்பில் கறை அளவிலான துருவை 1,000க்கு மேற்பட்ட மென்மையுள்ள உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, சுற்றுவாக்கில் மெருகேற்றலாம். நீளவாக்கில் தேய்க்கக்கூடாது. குழி இருந்தால் கடைசல் பட்டறையில் அரைத்து, குறைந்த அளவுக்கேற்ற பேரிங் போட வேண்டும். இங்கே இடைவெளியே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். வீட்டில் கையால் தேய்த்து அதைக் காக்க முடியாது.

கேம் ஷாஃப்ட்டும் டாப்பெட்டும்: உரசும் முகத்தில் குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். வேறு பேச்சில்லை.

வால்வ் ஸ்பிரிங், டைமிங் சங்கிலி, கனெக்டிங் ராட் போல்ட்: இவற்றில் துருக்குழி தெரிந்தால் புதிது வாங்குவதே சிக்கனம். ஸ்பிரிங்கின் சிறு குழியிலிருந்துதான் முறிவு தொடங்கும். முறிந்த ஸ்பிரிங் வால்வைப் பிஸ்டன்மேல் விடும். ஒரு சிறு பாகத்தில் மிச்சம் பிடித்த பணம் எஞ்சினையே பறித்துவிடும்.

ஃபிளைவீல்: கிளட்ச் படும் முகத்தில் மேல்துருவை உப்புத்தாளால் நீக்கலாம். பிறகு பிசுக்கில்லாமல் துடைக்க வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் கிளட்ச் வழுக்கும்.

தண்ணீர்ப் பாதை: சிலிண்டர்களைச் சுற்றியுள்ள அறைகளில் பல ஆண்டுத் துரு சேறாகப் படிந்திருக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்ட மூடிகளைக் கழற்றி, கம்பியால் கிளறி, நீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மிச்சத்துக்குச் சிட்ரிக் கரைசல் உதவும். அந்த மூடிகளைப் புதிதாகவே போட வேண்டும். நம் ஊரில் தண்ணீர் உறையாது என்று வெறும் குழாய்நீர் ஊற்றி ஓட்டியதன் விளைவே இந்தச் சேறு. குளிரூட்டித் திரவத்தில் உள்ள துருத் தடுப்பு மருந்து வெப்பநாட்டுக்கும் தேவை.

புகை வெளியேற்றும் மேனிஃபோல்ட்: வார்ப்பிரும்பு. கம்பி பிரஷ்ஷும் மின்பகுப்பும் ஏற்றவை. சாதாரணச் சாயம் கருகிவிடும். 600 பாகை செல்சியஸ் தாங்கும் சாயம் வேண்டும்.

இறுகிப்போன எஞ்சின்: ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுழற்றிப் பார்க்கக்கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயை ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கிராங்க்கின் முனையில் உள்ள நட்டை நீண்ட ஸ்பேனரால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். அவசரப்பட்டால் பிஸ்டன் வளையம் நொறுங்கும்.

பத்து நிமிடத்தில் திரும்பும் துரு

துரு நீக்கிய இரும்பு, தோல் உரித்த காயம்போன்றது. சிங்கப்பூரின் ஈரக் காற்றில் சில நிமிடங்களிலேயே ஆரஞ்சு நிறம் படரத் தொடங்கிவிடும். அலசும் கடைசித் தண்ணீர் சூடாக இருந்தால் பாகமும் சூடேறி விரைவில் உலரும். உடனே காற்றழுத்தியாலோ தலைமுடி உலர்த்தியாலோ துளைகள் உட்பட உலர்த்தி, தண்ணீரை விரட்டும் தெளிப்பெண்ணெய் அடிக்க வேண்டும். டபிள்யூடி-40 எண்ணெயின் பெயரே அதைத்தான் சொல்கிறது. 1953ல் அமெரிக்காவில் உருவான அதன் பெயருக்கு, தண்ணீரை விரட்டும் மருந்தின் நாற்பதாவது முயற்சி என்று பொருள். ஆனால், அந்தப் படலம் மெல்லியது, நாள்கணக்கில்தான் காக்கும். மாதக்கணக்கில் வைக்க வேண்டிய பாகத்தின்மேல் எஞ்சின் எண்ணெயோ கிரீஸோ பூச வேண்டும்.

பூசிய பாகத்தை வெறுங்கையால் தொடாமலிருப்பது நல்லது. விரல் வியர்வையில் உள்ள உப்பு, கைரேகை வடிவத்திலேயே துருவாகும். எண்ணெய் பூசாத பாகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் உள்ளே வியர்த்துவிடும். துருத் தடுப்புத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய பெட்டியில் வைப்பதே சிறந்தது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் பாகத்தின் பெயர், எந்தச் சிலிண்டருடையது, எத்தேதியில் எண்ணெய் பூசப்பட்டது என எழுதி ஒட்டினால், ஆறு மாதம் கழித்து எஞ்சினைச் சேர்க்கும்போது குழப்பம் வராது.

கடைசிக் கழுவல்

எஞ்சினைச் சேர்ப்பதற்கு முந்திய கழுவல்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். எண்ணெய்ப் பாதைகளின் அடைப்புத் திருகுகளைக் கழற்றி, நீண்ட நைலான் பிரஷ்ஷை ஒவ்வொரு துளையிலும் விட்டுச் சூடான சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயால் மட்டும் கழுவினால் ஹோனிங் தூள் சுவரிலேயே தங்கும். எண்ணெய் தோய்த்த வெள்ளைத் துணியால் சிலிண்டர் சுவரைத் துடைக்கும்போது துணி வெள்ளையாகவே இருக்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

செங்காங்கில் எங்கே செய்வது, கழிவு எங்கே போகிறது

வீவக கார் நிறுத்துமிடங்களில் வாகனங்களைப் பழுதுபார்க்க அனுமதி இல்லை. பொது நடைபாதையிலும் கீழ்த்தளத்திலும் பாகங்களைப் பரப்பி வைப்பது அவசர காலத்தில் அண்டைவீட்டார் வெளியேறும் வழியை மறிக்கும். எரியக்கூடிய திரவங்களை வீட்டில் சேர்த்துவைக்கவும் குடிமைத் தற்காப்புப் படையின் வரம்புகள் உள்ளன. வீட்டில் செய்யத் தகுந்தது சிட்ரிக் அமிலம் அல்லது அமிலமற்ற கரைசலில் சிறு பாகங்களை ஊறவைப்பது மட்டுமே. அதற்கும் கையுறை, கண்ணாடி, திறந்த சன்னல் வேண்டும். வாளிக்கு மூடியும், மூடியின்மேல் என்ன திரவம் என்ற குறிப்பும் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றிவைக்கவே கூடாது.

பெரிய வேலைகளுக்கு சின் மிங், காக்கி புக்கிட் வட்டாரப் பட்டறைகள் உள்ளன. பட்டறையிடம் கொடுக்கும்போது எந்தப் பாகத்துக்கு எந்த முறை என்று எழுதிக் கொடுப்பது நல்லது. நவீன கார்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு மக்னீசியக் கிராங்க் கேஸ் புதிதாக இருக்கலாம்.

கழிவு விஷயத்தில் செங்காங்வாசிகளுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. இந்நகர் வட்டாரத்தில் ஓடும் சுங்கை பொங்கோலும் சுங்கை சிராங்கூனும் தடுக்கப்பட்டு, 2011ல் பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்களாயின. சாலையோரக் கால்வாயில் விழும் மழைநீர் அவற்றுக்குத்தான் போய்ச் சேருகிறது. அங்கோர்வேலை ஒட்டி 2010ல் அமைக்கப்பட்ட செங்காங் மிதக்கும் சதுப்புநிலத் தோட்டம் மிதப்பதும் அந்த நீரில்தான். கால்வாயில் ஊற்றிய மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் எண்ணெயும் ஒருநாள் குடிநீராக வேண்டிய தண்ணீரில் கலக்கும். அப்படி ஊற்றுவது சட்டப்படி குற்றமுமாகும்.

எஞ்சின் எண்ணெய், மண்ணெண்ணெய், பிசுக்கு நீக்கி ஆகியவற்றைத் தனித்தனிக் கலன்களில் சேர்த்து, அவற்றை முறையாக அகற்றும் பட்டறையிடம் ஒப்படைக்க வேண்டும். பயன்படுத்திய துரு நீக்கும் கரைசலிலும் கரைந்த இரும்போடு ஈயம், குரோமியம் போன்றவை கலந்திருக்கலாம். அதையும் அவ்வாறே கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

ஒரு பழைய எஞ்சினை உயிர்ப்பிப்பதில் துரு நீக்குவது கண்ணுக்குத் தெரியாத வேலை. சேர்த்து முடித்தபின் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. ஆனால், தாத்தாவோ அப்பாவோ ஓட்டிய கார் அடுத்த ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழத்தின்மேல் தானாக ஏறி இறங்குமா, தள்ளித்தான் ஏற்ற வேண்டுமா என்பது இந்த வேலையில் காட்டிய பொறுமையைப் பொறுத்தது.